சீனிச் சம்பலும் எங்கள் வீட்டுச் சைவமும்

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், கொழும்பில் ஒரு துணிக்கடையில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சுசீந்திரத்திலிருந்து புறப்பட்டபோது அப்பா பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். கடல் தாண்டிப் போகிறவனுக்கு அவர் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்.

"எங்க போனாலும் சைவத்த மட்டும் விட்டுராத மக்கா."

சொல்லவா வேண்டும்? மண்டபத்துக்குப் போகும் ரயிலில் எதிரே இருந்தவர் அவித்த முட்டையை உரித்ததற்கே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தவன் நான். அந்த மூக்கின் யோக்கியதையைப் பிறகு சொல்கிறேன்.

கொழும்பில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அங்கேயும் சிவப்பரிசி, அங்கேயும் தேங்காய், சமையலுக்கு அதே தேங்காயெண்ணெய். ஆப்பமும் இடியாப்பமும் தெருவுக்குத் தெரு கிடைத்தன. நாஞ்சில்நாட்டுக்காரன் ஒருவனுக்கு இதைவிடத் தோதான அயல்நாடு உலகத்திலேயே இருக்க முடியாது. நான் ஒப்புக்கொள்வேனா? ரேஷன் கூப்பன் அரிசியில் வாடை என்றேன். தேங்காயில் பால் இல்லை என்றேன். மனைவி வைத்த தீயல் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணி சரியில்ல" என்று தண்ணீர்மேலும் பழி போட்டேன். மற்றவர்கள் காலையில் பாண் வாங்கித் தின்றார்கள். பாண் என்றால் ரொட்டிதான். எங்கள் ஊரில் ரொட்டியைக் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். காய்ச்சல் வராத நான் அதை எப்படித் தொடுவது?

இப்படியே கோபித்துக் கோபித்துச் சாப்பிட்டதில் சட்டை தொளதொளத்துப் போனது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று தினமும் ராகம் பாட ஆரம்பித்தேன். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவியின் முகம் சுருங்கும். சுசீந்திரத்து வீட்டில் அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் ஆறிப்போன சோற்றைத் தின்றவள் அவள். கொழும்பில்தான் முதல்முதலாக அவளுக்கென்று ஓர் அடுப்பு கிடைத்தது. சுடச்சுட, எங்களோடு கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த அடுப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் போக அவளுக்கு மனசே இல்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருநாள் கிண்ணத்தில் சீனிச் சம்பல் கொடுத்தனுப்பினார். வெங்காயத்தை மெலிசாக அரிந்து, எண்ணெயில் நிதானமாக வதக்கி, மிளகாய்த்தூளும் புளியும் சீனியும் சேர்த்துச் சுண்ட வைத்தது. பாவம் பார்த்து நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அவ்வளவுதான். கிண்ணம் காலி. வழிக்க ஏதாவது வேண்டுமே என்று பாணும் வாங்கிவரச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மனைவி அதே மாதிரி செய்துவைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். "இதுவா சம்பல்? வெங்காய வதக்கல். அந்த அம்மாகிட்ட சரியா கேட்டுட்டு வந்து செய்."

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த தடவை அச்சு அசல் அதே ருசி. ஆளே மாறிப்போனேன். உடம்பு தேறியது, ஊருக்குப் போகும் பேச்சு நின்றது. கடையில் சக ஊழியர்களைப் பிடித்து வைத்து, மீனும் கருவாடும் இல்லாமலேயே நாக்குக்கு இத்தனை சுகம் கிடைக்கும்போது உயிரைக் கொல்வானேன் என்று பிரசங்கம் செய்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். சைவத்தின் அருமை தெரியாதவர்கள் என்று மன்னித்துவிட்டேன்.

மார்கழித் தேருக்கு ஊருக்குப் புறப்பட்டபோது ஒரு பாட்டில் சம்பலையும் எடுத்து வைத்தேன். மனைவி அதை எடுத்து வெளியே வைத்தாள். "அது வேண்டாம். வழியில எண்ணெ ஒழுகும்." அவள் அந்தப் பக்கம் போனதும் என் வேட்டிக்குள் சுருட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கொண்டுபோகாமல் வேறு யாருக்குக் கொண்டுபோவது?

சுசீந்திரத்தில் மறுநாள் காலை அப்பாவின் இலையில் தோசைக்குப் பக்கத்தில் நானே என் கையால் சம்பலை வைத்தேன். தொட்டுத் தின்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சைவம். எலேய், கொழும்புக்குப் போயும் நீ கெட்டுப்போகலடே" என்றவர், "இன்னும் கொஞ்சம் வை" என்றார்.

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து வந்த மனைவி இலையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். கண்ணைக் காட்டி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"மாமாவுக்கு எதுக்கு வச்சீங்க? அதுல மாசி கெடக்கு."

"மாசியா?"

"காய்ஞ்ச சூரை மீனு. இடிச்சுப் போட்டாத்தான் அந்த ருசி வருமாம். மொத தடவ நான் போடாமத்தான் செஞ்சேன். நீங்க தட்டத் தள்ளிட்டீங்க."

"நீயும் பிள்ளையும்?"

"எங்களுக்கு மொதல்ல எடுத்து வச்சிட்டு, பொறவுதான் உங்களுக்குள்ளதுல மாசி போடுவேன்."

ஆக, எங்கள் வீட்டில் சைவம் கெட்டது நான் ஒருவன்தான். முட்டைக்கு மூக்கைப் பொத்தியவன், மாதக்கணக்கில் மீனை வழித்துத் தின்றிருக்கிறேன். கோபத்தில் கை ஓங்கவில்லையே தவிர, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவள் கண் நிறைய, "ஏசுங்க. ஆனா ஊரோட இருந்திருவோம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

உள்ளே போனேன். அப்பா மூன்றாவது முறையாகச் சம்பலுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலை எடுத்தேன், கைதவறியதுபோலக் கீழே போட்டேன். அப்பா போட்ட சத்தம் தேரடிவரை கேட்டிருக்கும்.

கொழும்புக்குத் திரும்பியதும் மாசி இல்லாத சம்பலைச் செய்யச் சொன்னேன். புதுப் பாட்டில், புது மூடி, கழுவித் துடைத்த சட்டி. அங்கேயே வேலை பார்த்த என் சித்தப்பா மகன் ஊருக்குப் போனபோது அவனிடம் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன். செய்த பாவத்துக்கு ஏதோ என்னால் ஆன பரிகாரம்.

தம்பி திரும்பி வந்த அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பெரியப்பா ரெண்டு வாய்தான் தின்னாரு. 'முந்தி கொண்டாந்தது எவ்வளவு சுத்தமா இருந்துது. இதுல என்னத்தையோ கலந்திருக்கானுவ. அங்க போயி சைவத்த விட்டுட்டான் பாத்தியா'ன்னு ஒரே ஏச்சு. அண்ணன உடனே குடும்பத்தோட ஊருக்கு வரச் சொன்னாரு."

மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நாங்க வரல்லன்னு அப்பாகிட்ட சொல்லு தம்பி" என்றேன். "எனக்கு இங்க சாப்பாடெல்லாம் நல்லா ஒத்துக்கிட்டுன்னு சொல்லு."

பாணைப் பிய்த்து, மாசி இல்லாத சம்பலைத் தொட்டு வாயில் வைத்தேன். அப்பாவைக் குறை சொல்ல முடியாது, சப்பென்றுதான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினேன்.