குருத்தோலை ஞாயிறன்று கழற்றிய செருப்பு

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. ஆனால் ஷூ தைக்கிறவரை மிஷனரியாக அனுப்பி வைத்த வீடு, ஞானசுந்தரியின் வீடு ஒன்றுதான்.

மிஷனரி என்றால் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் பிரசங்கம் பண்ணுகிறவர் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவள் புருஷன் ஜெபராஜோ, நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ரகம். பேச்செல்லாம் கையில்தான். தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள், ஒரிசாவில் ஒரு தொழுநோய் இல்லத்துக்குச் செருப்பு செய்ய ஆள் வேண்டும் என்று ஆராதனையில் அறிவித்தார்கள். இவர் எழுந்து நின்றார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்?

கம்பெனி சூப்பர்வைசர் ஆபித் பாஷா வீட்டுக்கே வந்துவிட்டார். "இங்க இன்னா கம்மி உனக்கு? அங்க போய் பேஜார் படணுமா ஜெபராஜு?"

"இங்க நான் இல்லன்னா இன்னொருத்தன் தைப்பான் பாய். அங்க ஆளே இல்ல."

ஜெபராஜ் முடிவை மாற்றவில்லை. வேலூர்ப் பக்கம் சில மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்பது வயது ஜெனிஃபாவை இழுத்துக்கொண்டு ஞானசுந்தரியும் கூடத்தான் போனாள். முதல் மழையிலேயே பிள்ளைக்கு மலேரியா வந்துவிட்டது. அது பிழைத்தது மறுபிறவி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் திரும்பியவள் பள்ளிக்கூட டீச்சர் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவர் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகிற விருந்தாளி ஆனார்.

சபையில் ஜெபக்கூட்டம் நடக்கும்போதெல்லாம், "சகோதரர் ஜெபராஜ் ஊழியத்தில் நிலைத்திருக்க வேண்டும்" என்று உருகுவார்கள். அவளும் ஆமென் சொல்லுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, அவரை எனக்கே திருப்பிக் குடுத்துடும்" என்று கேட்பாள். அவரிடம்கூட அதைச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது.

லீவில் வந்தால் அவருக்குக் கால்களைப் பற்றித்தான் பேச்சு. "சொரணை செத்த காலு சுந்தரி. ஆணி குத்துனாலும் தெரியாது, நெருப்ப மிதிச்சாலும் தெரியாது. அதான் நம்ம செருப்புல ஆணியே அடிக்கிறதில்ல. பசை, தையல், அவ்ளோதான்." நோயாளிகளின் வீட்டாருக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தையும் ஒப்பிப்பார்: "வலிக்குதான்னு கேக்காதீங்க. இல்லன்னுதான் சொல்வாங்க. பாதத்தத் திருப்பிப் பாருங்க."

அந்த இல்லத்துச் சின்னக் கோயிலில் நோயாளிகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவது வழக்கம். ஜெபராஜ் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் சண்டை போட்டது அதற்காகத்தான். "பரிசுத்த ஸ்தலம்லாம் சரிதான் பாஸ்டர். செருப்போட வந்தா ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு. வெறுங்காலோட வந்தா இவங்களுக்குக் காலு இருக்காது." அன்று முதல் அங்கே எல்லோரும் செருப்போடு முழங்கால் போட்டார்கள். இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்வார், அவளும் வருஷா வருஷம் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஜெனிஃபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. லெந்து என்கிற தவக்கால நாட்களில் கல்யாணம் வைக்கக் கூடாது என்பதால் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் தேதி குறித்தார்கள். அவர் முன்னதாகவே வந்துவிட்டார். சில வருஷங்களாகச் சர்க்கரை இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாசலில் ஒரு செருப்பு கழன்று கிடக்க, மறு செருப்போடு சமையல்கட்டு வரை வந்து நின்றார்.

"இன்னாங்க, ஒரிசால ஒத்த செருப்புதான் போடுவாங்களா?"

குனிந்து பார்த்தார். "அட, எப்ப கழண்டுச்சி?" என்று சிரித்தார். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். வேறு யாருக்காவது அப்படிக் கழன்றிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார வைத்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு பவனியில் முன்னால் சிலுவை பிடிக்கிறவர் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். ஊருக்கு வந்திருக்கிற மிஷனரிக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். அவர் கழற்றிய செருப்பை, கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க, ஞானசுந்தரியே ஒரு கவரில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிரசங்கம் பண்ண அழைத்திருந்த சிறப்புச் செய்தியாளர் வர நேரமானது. காலை வெயிலில் கிளம்ப வேண்டிய பவனி உச்சி வெயிலில்தான் கிளம்பியது.

தார் ரோடு கொதித்தது. செருப்பு போட்டவர்களே நிழல் தேடி ஓரமாக ஒதுங்கினார்கள். ஜெபராஜ் மட்டும் நடு ரோட்டில், சிலுவை சாயாமல், சீராக நடந்தார். "இன்னா பக்தி பாரேன்" என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். ஞானசுந்தரி பெருமையில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் ஈரத் தடம் தெரிந்தது.

"தண்ணில மிதிச்சிட்டீங்களா?"

"இல்லியே."

"காலு வலிக்குதா?"

"இல்லியே. ஜோரா இருக்குது."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவருடைய பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவரை உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து தொங்கியது. அவர் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். "எத்தினி பேரு காலத் தொட்டுப் பாத்திருக்கேன். என் கால ஒரு தபா பாக்கல சுந்தரி" என்றார்.

சர்க்கரையால் காலில் சொரணை செத்துவிட்டது என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். இடது கால் மெல்ல ஆறியது. வலது காலில் புண் எலும்புக்கு இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று ஜெனிஃபாவை அவள் மாமன்தான் கைப்பிடித்துக் கொடுத்தான். அவள் மாலையும் முக்காடுமாக வார்டுக்கு வந்து கட்டிலருகே நின்று அழுதாள். மறு வாரம் அந்த வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரிசாவிலிருந்து அவருடைய சாமான் பெட்டியை ரயிலில் அனுப்பி வைத்தார்கள். ஆபித் பாஷாதான் ஸ்டேஷனுக்குப் போய் எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனார். ஜெபராஜ் மூடியைத் திறந்து சுத்தியலையும் வாரறுக்கும் கத்தியையும் பார்த்துவிட்டு மூடிவிட்டார். இனி எங்கேயும் போக மாட்டார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அன்றோடு அவள் அந்த ஜெபத்தை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவருடைய மிச்சக் காலை மடியில் வைத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடியே விரலிடுக்கெல்லாம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க போக முடியலன்னு வருத்தமா இருக்குதாங்க?"

"இல்லியே" என்றார்.

அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியா கேட்டேன் ஆண்டவரே என்றது அவள் மனசு. அந்தப் பாதத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பாதம் நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.