ஏழின் குறுக்கே ஒரு கோடு

நகராட்சியின் பழைய கட்டடப் பிரிவில் வேலை பார்த்த அவளை ஊரே கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டது. பழைய வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி வைப்பாள். மாதாமாதம் வந்து பார்ப்பாள். துண்டு முழுசாக இருந்தால் பிழைத்தார்கள். உடைந்திருந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். கதவில் சிவப்புக் குறி போட்டுவிடுவாள், வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊரின் பெருமையைக் காக்கும் பணி என்று அதிகாரிகள் மேடையில் முழங்குவார்கள். வாசலில் நின்று வசவு வாங்குவதென்னவோ இவள்தான்.

"ஆறே மாசந்தாங்க. சரிபண்ணி உங்ககிட்டயே கொடுத்திருவாங்க," என்பாள் எல்லாரிடமும்.

பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். சரியான பயந்தாங்கொள்ளி. மாடியில் பூனை குதித்தால்கூட வாசலுக்கு ஓடுவாள். அவள் குடியிருந்ததும் அப்படியொரு நூற்றைம்பது வருட வீடு. மகள் படுக்கும் அறைச் சுவரில் மயிரிழை விரிசல், அதன்மேல் ஒரு கண்ணாடி. கிட்டப் போகப் பயந்து, நிலைப்படியில் நின்றே எட்டிப் பார்ப்பாள். இரண்டு வருடமாக முழுசாக இருந்த அந்தத் துண்டை நம்பித்தான் தூங்கினாள்.

அன்று விடுமுறை. காய்ச்சலில் கிடந்த மகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியிலிருந்த தேதி கண்ணில் பட்டது. ஏழாம் தேதி. ஆனால் வெறும் ஏழு. குறுக்கே கோடு போடாமல் அவள் ஏழு எழுதியதே கிடையாது.

இது வேறு யாரோ எழுதியது. விரிசலில் நகத்தை வைத்தாள். நகம் முழுதும் உள்ளே போனது.

"இந்தக் கண்ணாடிய யாருங்க மாத்தினது?"

முன்னறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கவில்லை. "உடைஞ்சு கிடந்துச்சு, உன் வேலைப் பையிலேர்ந்து வேற எடுத்தேன். பழைய தேதியையே எழுதி ஒட்டிட்டேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அடப்பாவி மனுஷா! பிள்ளை படுக்கிற இடமாச்சே!"

"எனக்கு மட்டும் பயமில்லையா? கதவுல குறி விழுந்தா எங்க போவோம்? எதிர்வீட்டுக்காரங்க போய் மூணு வருஷமாச்சு. வீடு இப்போ பளபளன்னு இருக்கு, உள்ளே ஓட்டல் நடக்குது. நீ அனுப்பினவங்கள்ல ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா? சொல்லு பார்ப்போம்."

அவள் குறி போட்ட வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்தவர் ஒருவருமில்லை.

அறைக்குள் பொலபொலவென்று காரை உதிர்ந்தது. கொஞ்சந்தான். அவளுக்கு அதுவே போதும். ஓடிப்போய் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வேலைப் பையையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கணவரும் பின்னாலேயே வந்தார்.

பையிலிருந்து சிவப்பு மையை எடுத்துத் தன் கதவில் குறி போட்டாள். கோடு கோணலாகப் போனது.

"ஆறே மாசந்தாங்க," என்றாள், கணவரைப் பார்க்காமல்.

அவர் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவருமே அதற்குப் பதில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.