வலி: ஒருபோதும் இல்லை

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் ஜெய்னுதீனிடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கோம்." கடைக்குள் வெள்ளம் புகுந்த வருடமும் அதைத்தான் சொன்னார். மகள் ஹுமைராவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, மருத்துவமனையே வீடாகிப்போன இந்த ஐந்து மாதமும் அதையேதான். இறைவனுக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம். ஆனால் மனிதர் அதன் வாலில் 'நல்லா இருக்கோம்' என்பதையும் கட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று தாதி புனிதா இரண்டு படிவங்களோடு வந்தாள். இத்தனை கடுமையான சிகிச்சைக்கு நடுவே பிள்ளை எப்படி வாழ்கிறது, தூங்குகிறதா, விளையாடுகிறதா, வலிக்கிறதா என்று அளந்து பார்க்கும் படிவங்கள். ஒன்று பெற்றோருக்கு, மற்றது பிள்ளைக்கு. வலி மருந்து போதுமா என்பதை டாக்டர் இதையும் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

ஜெய்னுதீன் மளமளவென்று டிக் அடித்தார். வலி: ஒருபோதும் இல்லை. கவலை: ஒருபோதும் இல்லை. குறை என்று எழுதினால் அது கூடிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"பிள்ளைய நான் தனியா கேக்கணும்ணே. திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நில்லுங்க லா" என்றாள் புனிதா.

பிள்ளையின் படிவத்தில் மூன்று முகங்கள்: சிரிக்கும் முகம், வாடிய முகம், அழும் முகம். திரைக்குப் பின்னால் நின்றவருக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

"வலி எப்படிடா இருக்கு? மூஞ்சியத் தொட்டுக் காட்டு... அழுற மூஞ்சியா? எத்தனை நாளா?"

"மருந்து ஏத்துனதிலேருந்து மிஸ்ஸி. வாய் ஃபுல்லா புண்ணு. எச்சில்கூட முழுங்க முடியல."

ஜெய்னுதீன் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏம்மா அத்தாகிட்ட சொல்லல?"

எட்டு வயதுப் பிள்ளை போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "நீங்க எல்லார்கிட்டயும் நல்லா இருக்கான்னு சொல்றீங்க. நான் வலிக்குதுன்னு சொன்னா நீங்க சொன்னது பொய்யாயிடும்ல அத்தா."

அவர் தன் கையைப் பார்த்தார். துணியைத் தொட்டே சாயம் போகுமா, போகாதா என்று சொல்லிவிடும் கை அது. தினமும் அந்தக் கையால்தான் மகளுக்குக் கஞ்சி ஊட்டினார்; வாய்ப்புண் தெரியவில்லை.

புனிதா அவர் டிக் அடித்த படிவத்தைத் திருப்பி நீட்டினாள். "மாத்திக் குடுங்கண்ணே."

அப்போது போன் அடித்தது. கிள்ளானிலிருந்து அக்கா முத்து பீவி.

"தம்பி, புள்ள எப்படி இருக்கா?"

ஹுமைரா அவர் வாயையே பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இந்தத் தடவை அதன் வாலில் எதையும் கட்டவில்லை. "வலிக்குதாம் லாத்தா. ரொம்ப வலிக்குதாம். என்னால ஒண்ணும் பண்ண முடியல."

கட்டிலில் ஹுமைரா, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.