சகலையின் நீல வெளிச்சம்

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, தன் வீட்டு ஹாலில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. மீனுக்காக எரியவில்லை, மீன் எவன் வேண்டுமானாலும் வளர்ப்பான். அவர் தொட்டியில் உயிருள்ள கோரல், அதாவது பவளம், இருந்தது. காளான் மாதிரி ஒரு தண்டு, மேலே ஒரு தலை, தலை முழுக்கப் பொடிப்பொடி விரல்கள். அத்தனையும் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னிக்கொண்டு ஆடின. நம் கடலில் பவளத்தைத் தொட்டால் வனத்துறை தூக்கி உள்ளே போட்டுவிடும். இது வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, சென்னைக் கடையில் ரசீதோடு வாங்கியதாம். அந்த ரசீதையும் லேமினேட் செய்து தொட்டி பக்கத்தில் வைத்திருந்தார் மனுஷன். ஒரு குறை கண்டுபிடிக்க விடமாட்டார்.

என் மனைவி அந்தத் தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னோடு ஒரே இடத்தில் அவள் அத்தனை நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் இருந்து, "அத்தானுக்கு எதைத் தொட்டாலும் வெளங்குது" என்றாள். அந்த வார்த்தையை அவள் என்னைப் பார்த்து ஒருநாள் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதே அளவில் ஒரு தொட்டி வாங்கினேன். பாறை வைத்து, மோட்டார் போட்டு, இரண்டு மீனும் விட்டாயிற்று. கேள்விப்பட்ட சகலை மறுநாளே வந்து நின்றார், கையில் ஒரு டப்பாவோடு. தன்னுடைய கோரலின் தலையில் ஒரு துண்டை வெட்டி, சின்னக் கல்லில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"வெட்டுனா துளுத்துக்கிடும் தம்பி. இங்கன வச்சிப் பாருங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். இனி அந்தத் துண்டு செத்தால் நான் செத்தேன்.

அதற்கு வெளிச்சம்தான் சாப்பாடு. அதனால் லைட் தேர்ந்தெடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. சகலை எந்த லைட் போட்டிருக்கிறார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாங்கியும் தந்திருப்பார். அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கை கழுவப் போன நேரம், லைட்டின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டிக்கரைப் படித்தேன். ஐம்பது வாட். பாதி வெள்ளை, பாதி நீலம். கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து என் போனில் லைட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. செடித்தொட்டிக்கான லைட்டில் சிவப்பு அதிகம், பாசி பிடிக்கும் என்றார்கள், அதைத் தள்ளினேன். வெறும் வெள்ளை போட்டால் கோரலுக்கு நிறம் வராதாம், அதையும் தள்ளினேன். சின்னத் தொட்டிக்கு ஐம்பது வாட் போதும், அதையும் முக்கால்வாசிக்குக் குறைத்து வைத்தாலே நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. நான் நூறு வாட் வாங்கினேன். அவருக்கு ஐம்பதென்றால் எனக்கு நூறு. நீலத்துக்கு ஒரு பட்டன், வெள்ளைக்கு ஒரு பட்டன், விடியலும் அந்தியும் தானாக வரும்படி டைமர். மாட்டி எரியவிட்டபோது சுவரெல்லாம் நீலமாகிவிட்டது. என் மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அத்தான் வீட்ல இவ்வளவு கூசாதே" என்றாள்.

ஒரு வாரம் கோரல் விரல் நீட்டியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்புறம் சுருங்க ஆரம்பித்தது. வெளிச்சம் போதவில்லை என்று கூட்டினேன், இன்னும் சுருங்கியது. அதிகம் என்று குறைத்தேன், தலை மடங்கிப் பழைய செருப்புத் தோல் மாதிரி ஆனது. நீலத்தை ஏற்றி, வெள்ளையை இறக்கி, லைட்டை ஒரு சாண் உயரத்தில் தூக்கிக் கட்டி, என்னென்னவோ செய்தேன். கோடை வேறு. அந்த லைட்டுச் சூட்டுக்குத் தொட்டித் தண்ணீர் மளமளவென்று குறைந்தது. குறையக் குறைய நான் சளைக்கவில்லை. எங்கள் ஊர்த் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் வாடை என்று, தருவைகுளம் கடற்கரை வரைக்கும் பைக்கில் போய் கேன் கேனாகச் சுத்தமான கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்ததைத் தினமும் துணியால் துடைத்து, கண்ணாடியைப் பளபளவென்று வைத்திருந்தேன்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஆராதனை முடிந்து சகலை குடும்பத்தோடு வந்தார். நேரே தொட்டிக்குத்தான் போனார். பெண்கள் இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். குனிந்து பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். அந்த விரலை அப்படியே தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்தார்.

"ஏலே, என்னது இது? ஊறுகாயா போட்டுருக்க?" என்றார் மெதுவாக. "கொறைஞ்ச தண்ணிக்கு எத ஊத்துத?"

"கடல்தண்ணி."

"தண்ணிதானலே ஆவியாப் போவுது, உப்பு உள்ளதான கெடக்கு! கொறைஞ்சதுக்கு நல்ல தண்ணிலா ஊத்தணும்?"

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். உப்பளத்தில் டிகிரி பார்ப்பவன் நான். பாத்தி பாத்தியாக ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை எவ்வளவு விட்டுவைத்திருக்கிறது என்று இருபது வருஷமாகப் பார்த்துச் சொல்கிறவன். அந்த மீட்டர் என் பைக் பெட்டியில்தான் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து தொட்டியில் விட்டேன். மூன்று டிகிரியில் நிற்க வேண்டியது நாலைத் தாண்டி நின்றது. தொட்டிக்கு உப்பைச் சாக்கில் வாங்கிக் கரைக்கிற மதுரைக்காரனுக்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கும் இந்தத் தப்பு வராது. கடலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் எனக்கு, குறைந்தால் கடலை ஊற்றத்தான் தோன்றியது. அதுவும் என் கண் முழுக்க அவர் வீட்டு லைட்டிலேயே இருந்தபோது.

அதற்குள் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்ன அத்தான், பொழைக்குமா?"

சகலை மீட்டரைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பொழைக்கும்மா. லைட்டு கொஞ்சம் பவரு ஜாஸ்தி. கொறைச்சா சரியாயிரும். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். கண் சிமிட்டவில்லை, சிரிக்கவில்லை. பொய் சொல்வதில்கூட அந்த மனுஷனுக்கு ஒரு நேர்த்தி.

தினம் ஒரு செம்பு உப்பில்லாத நல்ல தண்ணீராக ஊற்றி வர, பத்து நாளில் கோரல் மறுபடி விரல் நீட்டியது. அது பிறகு நடந்தது. அன்றைக்குச் சாயந்தரம் அவர்கள் கிளம்பிப் போனதும், பாத்திரம் கழுவிக்கொண்டே என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஒரு மாசமா அந்த லைட்டை நீங்க ஏத்துனீங்க, எறக்குனீங்க. அத்தான் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிட்டாவ, பாத்தீங்களா?"

பொறுத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், அவர் பெயர் இன்னும் ஒரு படி ஏறும். திறந்தால் என் மானம் போகும், அவர் பெயரும் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும் என்று தோன்றியது. நேர்மையினால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"லைட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றேன். "உப்பு. கடல்தண்ணியவே ஊத்தி ஊத்தி நான்தான் கெடுத்தேன். உங்க அத்தான் சொன்னது பச்சைப் பொய்."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "நீங்க எங்க முன்னால தலைகுனியக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாவளா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஈரக்கையோடு போனை எடுத்து, அத்தான் பெருமையைச் சொல்லத் தன் அக்காவைக் கூப்பிட்டாள்.