சகலை வண்டியின் உயரம்

எங்கள் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போட வந்தபோதுதான் கேன்காரர் பழக்கமானார். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் அவருடையது. மனைவியின் தங்கை புருஷன் புது ஸ்பிரிங் போட்டுத் தன் பிக்கப்பை உயரமாகத் தூக்கிக் கட்டும்வரை அதில் அவருக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மாமியார் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளும் சேர்ந்து நின்றன. சகலை வண்டியின் பின்கதவு இவர் நெஞ்சுக்கு வந்தது. இவருடையது இடுப்போடு நின்றுவிட்டது.

"என்ன சகலை, உங்க வண்டி நிக்குதா, உக்காந்திருக்கா?"

மாமியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து கேன்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

புது ஸ்பிரிங் வாங்க வசதியில்லை. பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய ஸ்பிரிங் பட்டைகளோடு, கேன் போடப் போகிற வழியிலேயே பட்டறைக்குள் நுழைந்தார்.

"கேனையெல்லாம் இறக்கிட்டு அளக்கலாம்ண்ணே" என்றார் மெக்கானிக்.

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா. என் நெஞ்சுக்கு வர்ற வரைக்கும் பட்டையைச் சொருகு."

நெஞ்சுக்கு வந்தது. ஆனால் கேன்களை இறக்கியதும் பாரம் போய்ப் பின்பக்கம் கழுத்துவரை எகிறி, முட்ட வரும் மாடு மாதிரி வண்டி முன்னால் குனிந்து நின்றது.

பட்டையைக் கழற்றினால் மறுபடி இடுப்பளவுதான். அதனால் இப்போது மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வண்டி நிறையக் கேன் ஏற்றிக்கொள்கிறார்.

"விருந்துக்குப் போறோமா, தண்ணி போடப் போறோமா?" என்கிறாள் மனைவி.

"பேசாம ஏறு. உன் தங்கச்சி புருஷன் அங்க வந்துட்டானாம்."

எங்கள் அலுவலகத்துக்கு இன்றும் அவர்தான் தண்ணீர் போடுகிறார். சகலை வந்திருக்கும் நாட்களில் மட்டும் வருவதில்லை; கேன்களெல்லாம் மாமியார் வீட்டு வாசலில் நிற்கின்றன.