பச்சை எண் பலகை

என் மேசை இழுப்பறையில் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை கிடக்கிறது. பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில், உள்ளிருக்கும் சில்லின் வேகத்தைப் பச்சை எண்ணாகக் காட்டுமே, அதுதான். உண்மையில் அது எதையும் அளப்பதில்லை. பின்னாலுள்ள சின்ன ஊசிகளை மாற்றினால் எந்த எண்ணையும் காட்டும்.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் அக்கா ஒருவர் நடத்திய கணினிக் கடையில் எனக்குக் கணினிகளைப் பொருத்தும் வேலை. அக்கா முன்பு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதித்தவர். வியாபாரம் படுத்திருந்த நேரம் அது. தொழிற்சாலை பஸ்கள் வைத்திருந்த முதலாளி ஒருவர் தம் அலுவலகத்துக்குக் கணினிகள் கேட்டிருந்தார். அதுவும் கைவிட்டுப் போனால் கடையைப் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புவதாக அக்கா சொல்லியிருந்தார்.

முதலாளி எதிர்க்கடைக் கணினி ஒன்றைத் தூக்கிவரச் செய்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தார். அதன் முகப்பில் நாற்பது. எங்களுடையதில் முப்பத்துமூன்று.

“நாப்பது பெருசா, முப்பத்துமூணு பெருசா? பஸ் ஓட்டுறவன்கிட்டயே ஸ்பீடு கதையா, தங்கச்சி?”

“ஊசிய மாத்தி அறுபத்தாறு வச்சிடவா அக்கா?” என்று நான் மெதுவாகக் கேட்டேன். பல கடைகளில் நடந்ததுதான். அக்கா இரண்டு பெட்டிகளையும் திறந்து, இரண்டு பலகைகளின் ஒயரையும் பிடுங்கினார். பச்சை அணைந்தது.

“இப்ப உங்க டிரைவருங்க சம்பளக் கணக்கையே ரெண்டுலயும் போடுவோம், அண்ணே.”

எங்கள் திரை கணக்கை முடித்து நின்றபோது, பக்கத்துத் திரையில் எண்கள் இன்னும் வரிவரியாக மாறிக்கொண்டிருந்தன. எங்களுடையது அடுத்த தலைமுறைச் சில்லு. பலகை எண் சொல்லும் துடிப்பு குறைவு, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை முடிக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். காதால் கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. பிஸ்கட் அளவுள்ள ஒரு துண்டுக்குள் அத்தனை ஓட்டம், சத்தமே இல்லாமல். நான் குனிந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “என் பழைய பஸ்சும் இப்படித்தான்லா. மீட்டர்ல தொண்ணூறு, ரோட்டுல சைக்கிள்காரன் முந்துவான்.” எல்லாக் கணினிகளையும் எங்களிடமே எடுத்தார். “அந்த நம்பரு மட்டும் வேணாம் தம்பி. எங்க கணக்கெழுதுற கிராணிங்க வேலைய விட்டுட்டு அதையே பார்த்துக்கிட்டு இருப்பானுங்க.”

கடை பிழைத்தது. கழற்றிய பலகைகளில் ஒன்று என்னிடம் தங்கியது.

இன்று என் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அந்த இரண்டு கணினிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். அதை நான் யோசிக்காமல் தடவிக்கொண்டிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து அந்தப் பலகையின் கறுத்த கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் அன்றைய சத்தமில்லாத ஓட்டம் மறுபடி நினைவுக்கு வருகிறது. அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்க இதுவரை தோன்றியதில்லை.