பக்கத்து நட்சத்திரம்

திண்டிவனத்தில் பஸ் புறப்படுவதற்குள் அர்ஷியா இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தாயிற்று. ஜன்னலோரம் வெயிலாம், நடுவில் காற்றில்லையாம்! இப்போது டிரைவருக்குப் பின்னால், மடியில் லேப்டாப். விழுப்புரம் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிறவள். எப்போதும் காலில் வெந்நீர் கொட்டினாற்போலத்தான் இருப்பாள். "இன்னா மேடம், சீட்டுல முள்ளா இருக்குது?" என்று கண்டக்டர் கேட்காத நாளில்லை.

இவள் அவசரத்துக்கு வாய்த்த ஆராய்ச்சியைப் பாருங்கள். வானத்தில் தூசியும் வாயுவும் மண்டிய இருட்டு மேகம். அதற்குள் இன்னும் முழுசாக உருவாகாத பிஞ்சு நட்சத்திரங்கள். "பால்குடி மறக்காத புள்ளைங்க" என்பாள். தூசியை ஊடுருவி வரும் வெப்பக்கதிரைப் பிடிக்கிற கேமராவில்தான் தெரியும். அவை வளர லட்சக்கணக்கான வருஷம் ஆகும். இவளுக்கோ இட்லி வேகும்வரை பொறுமை கிடையாது. அதில் ஒரு பிஞ்சு, மேகத்தை வாரி விழுங்கித் திடீரென்று ஒளிகூடுமா என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கூடியது. கூடியதாக நினைத்தாள். உடனே உலகத்துக்கெல்லாம் அறிவிப்பு! மலைமேல் தொலைநோக்கியில் படமெடுத்து அனுப்பிய இருவர் பெயரும் அதில் சேர்த்தி. வெளிநாட்டுப் பெரிய தொலைநோக்கி ஒன்று இன்றைக்கே அந்தப் பக்கம் திரும்பச் சம்மதித்தது. கோட்டக்குப்பத்தில் அவளுடைய அத்தா யூசுப் அலி, மகளைப் பெற்ற பெருமையில் தெருவுக்கே பிரியாணி போட்டுவிட்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது அவள் லேப்டாப்பில் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒளியை அளக்க, மாறாமல் எரியும் இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் கைக்குக் கிடைத்த பக்கத்து நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் அதே மேகத்துப் பிஞ்சு. இப்போது மேகத்துக்கு வெளியே உள்ள ஒன்றோடு ஒப்பிட்டால், இவளுடைய நட்சத்திரம் இம்மிகூட மாறவில்லை. பக்கத்தது தூசியில் மங்கியதால் இது ஒளிகூடியதாகத் தெரிந்திருக்கிறது. அட கஷ்டகாலமே!

"அக்கா, பேஜாராப் பூடுச்சுக்கா" என்று, அருகில் மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்த, அதே கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் தையல்நாயகியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கம்முனு இரு. படம் புடிச்சவங்க தப்புன்னு போயிடும். நீ ஏன் தலைய குடுக்கற?"

"பெரிய டெலஸ்கோப்பு இன்னிக்கே திரும்பிடும்க்கா. யாரோ வருஷம் முச்சூடும் காத்துக்கினு இருந்து வாங்கன நேரம் அது."

"அத்தாகிட்ட இன்னா சொல்வ?"

அர்ஷியா லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது, கண்ணில் நீர் முட்டியது. மடமடவென்று மறுப்பு அறிவிப்பை அடித்தாள். தையல்நாயகி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். அனுப்பும் பொத்தானுக்குப் போன விரல் நின்றது. பிறகு மேலே, ‘எங்கள் தவறு’ என்றிருந்த வரிக்குத் திரும்பிப் போய், ‘எங்கள்’ என்பதை அழித்துவிட்டு ‘என்’ என்று அடித்தாள்.